ஆடு மாடு விலை: உலகக் கணக்கை நம் கிலோவுக்கு மாற்றுவது எப்படி?

தாராபுரம் பக்கம் செம்மறிப் பட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளில் ஆடு மாடு வளர்ப்பவர் கைக்கு என்ன விலை வருகிறது என்று தொடர்ந்து பார்த்துவர ஆசை. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்காக இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுவது? எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காதா?"

ஒரே இடத்தில், வாரா வாரம் கிடைக்காது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு மாதந்தோறும் ஓர் இறைச்சி விலைக் குறியீடு வெளியிடுகிறது. செய்திகளில் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அது ஏற்றுமதி விலையை வைத்துப் போடுவது. கப்பலேறும் கறியின் விலை அது, பட்டியில் நிற்கும் ஆட்டின் விலை அல்ல. அதே அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளத்தில் உற்பத்தியாளர் விலை என்று தனிப் பகுதி உண்டு. 1991 முதல் நாடு வாரியாக எடுக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு, பிந்தித்தான் வரும். அங்கேயும் ஒரே மாட்டுக்கு உயிர் எடை விலை ஒரு வரிசையிலும் கறி எடை விலை இன்னொரு வரிசையிலும் இருக்கும். மாற்றி எடுத்துவிட்டால் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தப்பிவிடும்.

குழப்பத்தில் பெரும்பங்கு இந்த எடையில்தான். 25 கிலோ ஆட்டை உரித்துத் தொங்கவிட்டால் 11, 12 கிலோ நிற்கும். நன்றாகத் தீனி தின்று கொழுத்த அமெரிக்க மாடு என்றால் உயிர் எடையில் 63 விழுக்காடு வரை நிற்கும். ஆகவே ஒரு விலையைப் பார்த்ததும் நாணயத்தைப் பார்க்காதீர்கள். முதலில் உயிர் எடையா, உரித்த எடையா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் ஹண்ட்ரட்வெயிட் கணக்கு, அதாவது 100 பவுண்டு, நம் அளவில் 45.36 கிலோ. உயிர் மாடு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 45.36-ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவுக்கு 4.41 டாலர். அதை 0.63-ஆல் வகுத்தால் உரித்த எடை கிலோவுக்கு 7 டாலர். பிரேசிலில் அரோபா என்பார்கள். அது 15 கிலோ, அதுவும் உரித்த எடை. அரோபா 300 ரெயால் (பிரேசில் நாணயம்) என்றால் கிலோ 20 ரெயால். சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செப்பேயா மையம் இந்த விலையைத் தினமும் வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 100 கிலோ உரித்த எடைக்கு யூரோவில் சொல்லும். ஆஸ்திரேலியா கிலோவுக்குச் சென்ட்டில் சொல்லும். எல்லாவற்றையும் உரித்த எடை கிலோவுக்குக் கொண்டுவந்து எழுதிவைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

அப்புறம், எந்த உருப்படி என்பது. பல் போட்டதா, போடாததா என்று நீங்கள் வாயைத் திறந்து பார்க்கிறீர்கள் அல்லவா, ஆஸ்திரேலியாவிலும் அதே பல்தான் விலையைத் தீர்மானிக்கிறது. குட்டிக் கறி ஒரு விலை, முதிர்ந்த ஆட்டுக் கறி அதைவிட நன்றாகக் குறைந்த விலை. நிரந்தர முன்பல் முளைத்தாலே குட்டி இல்லை என்றிருந்த விதியை 2019 சூலையில் தளர்த்தினார்கள். பல் எட்டிப் பார்த்தாலும், மற்றப் பற்களோடு சேர்ந்து தேயத் தொடங்காதவரை அது குட்டிதான். ஆகவே 'ஆஸ்திரேலிய ஆட்டு விலை' என்று மொத்தமாக யாராவது சொன்னால், எந்தப் பல்லுக்கு என்று கேளுங்கள்.

விலையைச் சொல்வது யார் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1999-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 1,25,000 மாடுகளுக்கு மேல் அறுக்கும் ஆலைகள் தாங்கள் கொடுத்த விலையை அரசின் வேளாண்மைத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். துறை அதை அன்றாடம் வெளியிடுகிறது. வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல ஆயுதம் வேறில்லை என்பது என் எண்ணம். ஒரு குறையும் உண்டு. அங்கே பேரம் பேசி விற்கும் மாடுகள் ஒரு பகுதிதான். மற்றவற்றில் பெரும்பாலானவை அந்தப் பேர விலையை ஒட்டிய சூத்திரத்தில் கைமாறுகின்றன. ஆக, கொஞ்ச மாடுகளின் பேரம் நிறைய மாடுகளின் விலையை முடிவு செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் கிழக்கு மாநில இளமாட்டுக் குறியீடு என்று ஒன்று உண்டு. பல சந்தைகளின் விற்பனையைச் சேர்த்து, ஏழு நாள் சராசரியாகப் போடுவார்கள். 2022 தொடக்கத்தில் அது உரித்த எடை கிலோவுக்கு 1,190 சென்ட்டைத் தொட்டது. 2023 அக்டோபரில் 350 சென்ட் அளவுக்கு விழுந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில், பஞ்சத்துக்குப் பின் மழை பெய்து புல் வந்ததும் மந்தையைப் பெருக்க எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கினார்கள். பிறகு மந்தை பெருத்து, அங்கே மழையைக் குறைக்கும் எல் நினோ வரும் என்ற அச்சமும் சேர்ந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டிவந்தார்கள். நீங்களும் வறட்சி வருடத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் நடப்பது இதற்கு நேர்மாறு. 2025 சனவரிக் கணக்கில் அங்கே 8.67 கோடி மாடுகள்தான், 1951-க்குப் பின் மிகக் குறைந்த எண்ணிக்கை. விலை உச்சத்துக்குப் போனது. அதனால் விலையோடு மந்தைக் கணக்கையும் மழையையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

நாணயத்தைக் கடைசியில் மாற்றுங்கள். அர்ஜென்டினாவில் 2023-இல் பணவீக்கம் 200 விழுக்காட்டைத் தாண்டியது, டிசம்பரில் பெசோவின் மதிப்பு ஒரே நாளில் பாதிக்கும் கீழே போனது. பெசோ விலையை மட்டும் பார்த்தால் அந்த ஊர் மாட்டுக்காரர் கொழித்ததாகத் தோன்றும். ஒரு நாட்டை அதே நாட்டின் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதுதான், நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதைவிடப் பயன் தரும்.

சரி, உங்கள் பக்கத்துக் கணக்குக்கு வருவோம். நம் சந்தையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கண்மதிப்பில்தான் போகிறது. அடுத்த சந்தைக்கு ஓட்டும் முன் பத்து ஆடுகளை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 25 கிலோ ஆடு 10,000 ரூபாய்க்குப் போனால் உயிர் எடை கிலோ 400. உரித்தால் 11.5 கிலோ என்று வைத்தால் கிலோ 870 அளவு. ஆனால் நம் ஊரில் தலை, கால், குடல், ரத்தம் எல்லாம் காசு. வியாபாரி அதையும் மனதில் வைத்துத்தான் விலை பேசுகிறார். ஆகவே ஆஸ்திரேலியக் கணக்கோடு வைத்துப் பார்க்கும் முன், அவை உங்கள் ஊர்க் கறிக்கடையில் என்ன விலைக்குப் போகின்றன என்று விசாரித்து, அந்தத் தொகையை ஆட்டின் விலையிலிருந்து கழித்துவிட்டு, மீதியை உரித்த எடையால் வகுத்துக்கொள்ளுங்கள்.