ஸ்டீயரிங் நடுங்கினால் உடனே ராக்கை மாற்றாதீர்கள்

கேள்வி: நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். என்னிடம் 1992-ஆம் வருட மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின், பவர் ஸ்டீயரிங், கடையில் வாங்கிப் போட்ட 14 அங்குல அலாய் வீல். குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்ற வண்டி. இப்போது எடுத்தால் மணிக்கு 55 மைலில் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்து 65-ஐத் தாண்டியதும் குறைந்துவிடுகிறது. இரண்டு முறை வீல் பேலன்ஸ் செய்தும் பலனில்லை. பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. திருப்பத்தில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பி வருவதில்லை, சோம்பலாக இருக்கிறது. ஸ்டீயரிங் ராக் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ராக் என்பது சுற்றும் பொருள் அல்ல, இடம் வலமாக நகரும் ஒரு பல் தண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டியதும் அடங்குகிற நடுக்கத்துக்கு எங்கேயோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அது டயராக இருக்கலாம். ரிம், சக்கரம் பூட்டப்படும் ஹப், பிரேக் டிஸ்க், எஞ்சின் சக்தியைப் பின்பக்கம் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று எதுவாகவும் இருக்கலாம். ராக் தேய்ந்திருந்தால் அந்த நடுக்கம் கைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். நடுக்கத்துக்காக ராக்கை மாற்றியவர்கள் பலரும் புது ராக்கோடு அதே நடுக்கத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதியிருப்பது மூன்று புகார்: வேகத்தில் நடுக்கம், பிரேக்கில் இழுப்பு, திரும்பி வராத ஸ்டீயரிங். மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். முப்பது வயது தாண்டிய வண்டியில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. தனித்தனியாகவே பாருங்கள்.

முதலில் நடுக்கம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, ஒரு டன்னைவிடக் குறைவான எடை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் என்று தாங்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். சாலையில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுபவரின் கைக்குத் தெரிய வேண்டும் என்றே செய்த வண்டி. ஒரு கனமான செடான் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் சின்னக் குறைகூட இதில் நேராக ஸ்டீயரிங்குக்கு வந்துவிடும். 60 மைல் பக்கத்தில் வரும் இந்த நடுக்கம் உலகம் முழுக்க இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். பேலன்சிங் கடைக்காரர் "மெஷின் பூஜ்யம் காட்டுகிறது" என்று சொல்வதும் பழக்கமானதுதான்.

நடுக்கம் எவ்வளவு வேகமானது என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். உங்கள் வண்டிக்கு உரிய 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர் போகும். 60 மைல் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. கைக்கு வரும் நடுக்கம் அந்த அளவில், ஓர் உதறலாக இருந்தால் அது சக்கரம் சம்பந்தப்பட்டது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் சுற்றைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் விகிதப்படி, சக்கரத்தைவிட 4.3 மடங்கு வேகமாக, அதாவது நொடிக்கு 65 முறை சுற்றுகிறது. அதன் அதிர்வு உதறலாக இருக்காது. சீட்டிலும் தரையிலும் ஒரு ரீங்காரமாகத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை மாதிரிதான் இருக்கிறது.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை. காலியான நேர் சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு இறங்க விடுங்கள். நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்சும் காரணமல்ல. சாவியை மட்டும் ஓடும்போது திருப்பவே கூடாது. பவர் ஸ்டீயரிங் போய்விடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டும் விழுந்துவிடும்.

அடுத்தது காசே ஆகாத சோதனை. உங்கள் வண்டியில் நான்கு சக்கரமும் ஒரே அளவு. முன் சக்கரம் இரண்டையும் பின்னால் போட்டு, பின் சக்கரங்களை முன்னால் கொண்டு வாருங்கள். டயரில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் பக்கம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்குப் போய்விட்டால் குறை அந்தச் சக்கரங்களில்தான், ஸ்டீயரிங் சாமான் எதையும் தொட வேண்டாம். ஒரு மாற்றமும் இல்லை என்றால் முன் ஹப், ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட், ஆர்ம் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் பக்கம் போகலாம்.

என் ஊகம், நடுக்கம் சக்கரத்தோடு பின்னால் போய்விடும். நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்தான் காரணம்: கடையில் வாங்கிப் போட்ட அலாய். எம்எக்ஸ்-5 ஹப்பின் நடு வளையம் 54.1 மில்லிமீட்டர். வெளிக் கடை அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக விட்டுத்தான் வரும். இடைவெளியை அடைக்க ஸ்பிகாட் ரிங் என்ற மெல்லிய வளையம் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது நான்கு நட்டுகள் மட்டும்தான். அவசரத்தில் ஏர் கன் வைத்து ஒரு நட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சக்கரம் அரை மில்லிமீட்டர் ஒதுங்கி உட்கார்ந்துவிடும். பேலன்சிங் மெஷினில் அதே சக்கரம் கூம்பு வைத்து நடுவில் உட்கார்ந்துதான் சுற்றுகிறது. அதனால்தான் அங்கே பூஜ்யம், சாலையில் நடுக்கம்.

ஆகவே சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையில் வளையம் இருக்கிறதா, எந்த அளவு என்று பாருங்கள். ஹப் முகத்தில் துரு செதிலாகப் படிந்திருக்கும். உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டிக்கு இது நிச்சயம் உண்டு. கம்பி பிரஷ் வைத்து உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். அலாயின் உள்முகத்தையும் விட்டுவிடாதீர்கள். பிறகு வண்டி ஜாக்கில் இருக்கும்போதே நட்டுகளைக் கையால், எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, சக்கரம் தரையில் பட்ட பின் டார்க் ரெஞ்சால் 100 நியூட்டன் மீட்டர் அளவில் முடியுங்கள். இது ஒன்றிலேயே நடுக்கம் போய்விட்டால் ஆச்சரியப்பட மாட்டேன்.

போகவில்லை என்றால் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். கோடையில் மட்டும் ஓடும் வண்டிகளில் டயர் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிக் கெட்டுவிடும். பட்டன் நன்றாக இருக்கிறது என்று பத்து வருட டயரை வைத்திருக்க வேண்டாம். மாதக் கணக்கில் நின்ற வண்டியில் தரையில் பட்ட இடம் தட்டையாகிவிடுவதும் உண்டு. இருபது முப்பது மைல் ஓட்டியதும் சூடேறிச் சரியானால் நல்லது. அப்படியே இருந்தால் அந்த டயர் முடிந்தது. சக்கரத்தைத் தூக்கி, பக்கத்தில் ஸ்டாண்ட் வைத்து, டயரை ஒட்டி ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை நிறுத்திக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி கூடிக் குறைந்தால் டயர் வட்டமாக இல்லை. ரிம் விளிம்பிலும் அதே மாதிரி பாருங்கள். குழியில் விழுந்து வளைந்த ரிம்மை எடைக்கட்டி ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அப்போது ஒரு ரோலர் டயரை அழுத்தியபடி சுற்றவிடும் ரோட் ஃபோர்ஸ் மெஷின் உள்ள கடையைத் தேடிப் போங்கள். சாதாரண பேலன்சிங்கில் தெரியாதது அதில் தெரியும்.

வண்டியைத் தூக்குவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மாடலுக்கு, குறிப்பாக பிரிட்டனில் ஓடியவற்றுக்கு, கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னால், துருப்பிடித்து உள்ளுக்குள் உளுத்திருக்கும். மேலே பெயின்ட் நன்றாகத்தான் தெரியும். அங்கே ஸ்டாண்ட் வைத்தால் தகடு மடங்கி வண்டி இறங்கிவிடும். விரலால் அழுத்தி, தட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள். முன்னால் சப்ஃபிரேமின் குறுக்குச் சட்டத்திலும், பின்னால் டிஃபரன்ஷியல் கூட்டிலும் ஜாக் கொடுக்கலாம். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தில் மட்டும் கொடுக்கவே கூடாது. ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவும் வேண்டாம்.

அந்த அலுமினியச் சட்டத்தைப் பற்றி இன்னொன்று. சமீபத்தில் கிளட்ச் மாற்றினீர்களா? மாற்றும்போது அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது உயரத்தை அளந்து வைக்காவிட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, மேலே சொன்ன ரீங்காரம் வந்துவிடும். கிளட்ச் வேலைக்குப் பிறகு தொடங்கிய அதிர்வு என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

சரி, சக்கரங்களை மாற்றிப் போட்டும் நடுக்கம் முன்னாலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது புஷ். இந்த வண்டியின் முன் பேரிங் ஹப்போடு சேர்ந்த ஒரே பாகம். கிரீஸ் வைத்து ஒப்பேற்ற முடியாது, ஹப்பையே மாற்ற வேண்டும். பிறகு இடமும் வலமும் பிடித்து அசையுங்கள். அதில் மட்டும் ஆட்டம் என்றால் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனை மூட்டான டை ராட் எண்ட், அல்லது ராக்கின் உள் ஜாயின்ட். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைக்கு மேலேயே கை வைத்துப் பிடித்தால் எந்த மூட்டு துள்ளுகிறது என்று விரலுக்குத் தெரியும்.

கீழ் பால் ஜாயின்டுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். ஸ்பிரிங் கீழ் ஆர்மில்தான் உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சக்கரத்தின் மேல் விழும் எடை அந்த மூட்டின் வழியாகப் போகிறது. சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருப்பதால் ஆட்டம் வெளியே தெரியாது. ஜாக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, டயருக்குக் கீழே ஒரு கடப்பாரையை விட்டு மெல்ல நெம்புங்கள். மூட்டில் 'டக்' என்று அசைவு தெரிந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அடியில் போகும் முன் வண்டி எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் எம்ஓடி என்ற வருடாந்தரப் பரிசோதனையின் சரித்திரத்தையும் பாருங்கள், இலவசம்தான். பால் ஜாயின்டில் லேசான ஆட்டம், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடிக்கிறது என்று முந்தைய வருடங்களில் யாராவது எழுதிவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி பிரேக் இழுப்பு. பிரேக் பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் போகிறது என்றால் இடது பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, வலது பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பலரும் இழுக்கும் பக்கத்தைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். நீங்கள் வலது முன் காலிப்பரில் ஆரம்பியுங்கள். காலிப்பர் சறுக்கி நகரும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, அதற்குரிய சிலிகான் கிரீஸ் தடவி, கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் பின், பிஸ்டன் இரண்டையும் பாருங்கள். குளிர்காலத்தில் நின்ற வண்டி என்பதால் டிஸ்க்கில் பேட் ஒட்டிய இடம் துருத்தடமாகப் பதிந்திருக்கும். பிரேக்கில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு அது காரணம். பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக் பொறி துருவேறிச் சிக்குவதும் இந்த மாடலுக்கு அடிக்கடி நடப்பது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு மைல் ஓட்டிவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, சோம்பல் ஸ்டீயரிங். முதலில் காற்று. பழைய 14 அங்குல டயருக்கு மஸ்டா சொன்னது 26 பிஎஸ்ஐ. அதற்கும் குறைவாக இருந்தால் எந்த ஸ்டீயரிங்கும் சோம்பல்தான். அடுத்து பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அளவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பூட்டு விழாத நிலையில் வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி, இரண்டு இடத்தில் தளர்ந்தால் ஸ்டீயரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. ராக்கை மாற்றினாலும் இந்த ஜாயின்ட் அங்கேயேதான் இருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள். இளகாவிட்டால் நல்ல ஜாயின்ட் வாங்கிப் போடுங்கள். சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருந்தால் இரண்டு டை ராட் எண்டையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். அப்போதும் கனமாகவோ, பல்லில் மாட்டுவது போலவோ இருந்து, ஜாயின்டும் நன்றாக இருந்தால் அப்போதுதான் ராக் மேல் சந்தேகப்படலாம். ராக்கின் முனையில் உள்ள ரப்பர் உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், ராக்கின் சீல் போய்விட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட். ஆட்டம் உள்ள மூட்டுகளோடு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. இந்த வண்டியில் முன் டோவை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணத்தை, டை ராடில் மாற்றலாம்; கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கீழ் ஆர்ம் போல்ட்டில் உள்ள கேம் தகடுகளால் மாற்றக்கூடியவை, பின்பக்கத்தில் டோவும் கேம்பரும் அப்படியே. ஆனால் அந்த போல்ட்டுகள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் இறுகிவிடும். அதனால் பல கடைகள் முன் டோவை மட்டும் சரிசெய்துவிட்டு முழு அலைன்மென்ட் என்று பில் போடும். போகும் முன்பே போல்ட்டுகளுக்கு சில நாள் எண்ணெய் விட்டு வையுங்கள். கேம் சுற்றுகிறதா என்று கடையில் முன்கூட்டியே கேளுங்கள். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டையை வைத்து, அரை டேங்க் பெட்ரோலோடு அளக்கச் சொல்லுங்கள். கேஸ்டர் இரு பக்கமும் சமமாகவும், நாலரை ஐந்து டிகிரிக்குக் குறையாமலும் இருந்தால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரும். அளவுத் தாளை, செய்வதற்கு முன் ஒன்று, செய்த பின் ஒன்று என்று இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். நடுக்கமோ சோம்பலோ அப்போதும் மீதமிருந்தால் சக்கரங்களை மாற்றிப் போட்டபோது என்ன நடந்தது, விரலால் சுற்றியபோது எங்கே இறுகியது என்ற இரண்டையும் அந்தத் தாள்களோடு எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.