‘அ’ எழுதச் சொன்னால் அழும் பையனுக்கு

வணக்கம். நாலு வயதுப் பையன் ‘அ’வைப் பார்த்தால் சரியாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் மட்டும் பென்சிலை வீசிவிட்டு அழுகிறான் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மிரட்டாதீர்கள். வரிசையில் முதலில் வந்தாலும் ‘அ’ எழுதக் கஷ்டமான எழுத்து. சுழி, வளைவு, நெடுங்கோடு எல்லாம் அதற்குள் இருக்கிறது.

‘ட’வில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அதையே மேலே தூக்கினால் ‘ப’. ‘ப’வின் வலப்பக்கத்தை உள்ளே வளைத்தால் ‘ம’. இந்த மூன்றும் வந்ததும் புள்ளி வைக்கக் காட்டிக்கொடுங்கள். ‘படம்’, ‘பட்டம்’ என்று எழுதி வாசித்தே விடுவான். அந்தச் சந்தோஷம் அடுத்த எழுத்துக்கு அவனைத் தானாக இழுக்கும்.

பென்சில் இப்போதைக்கு வேண்டாம். தட்டில் ரவையைப் பரப்பி ஆள்காட்டி விரலால் எழுதட்டும். அப்புறம் தரையில் சாக்பீஸால், பெரிது பெரிதாக. ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

12 உயிரெழுத்துகளையும் பாட்டாகச் சொல்வதை நிறுத்த வேண்டாம், எழுதும் வரிசை மட்டும் மாறட்டும். பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், மிஸ்ஸிடம் இதைச் சொல்லிக் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.