மெதுவாக நகரும் பேய்ப் படங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

திகில் படங்களை விடாமல் பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. ‘ஹெரிடிட்டரி’ பற்றிய பதிலில் கதையின் முக்கியத் திருப்பம் வருகிறது. பார்க்காதவர்கள் அந்த ஒன்றை மட்டும் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: ஸ்லோ பர்ன், அதாவது மெதுவாகச் சூடேறும் படம் என்று நீங்கள் சொல்வது எனக்கு ஜவ்வு மாதிரி இழுப்பதாகத்தான் தெரிகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணா?

பேயை எடுத்துவிட்டால் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் சொல்வது சரி, அது ஜவ்வுதான்.

ராபர்ட் எக்கர்ஸின் ‘தி விட்ச்’ (2015) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1630களின் நியூ இங்கிலாந்து. மதப் பிடிவாதத்தால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம் காட்டோரம் தனியாகக் குடியேறுகிறது. மூத்த மகள் கைக்குழந்தையிடம் முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டுகிறாள். குழந்தை சிரிக்கிறது. மறுபடி மூடித் திறக்கிறாள், கீழே வெறும் துணி. அப்புறம் நீண்ட நேரம் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைத்தான். சோளம் பூஞ்சை பிடித்துப் போகிறது. மனைவியின் வெள்ளிக் கோப்பையை அப்பா ரகசியமாக விற்றிருக்கிறார், பழி மகள்மேல் விழும்போதும் வாயைத் திறக்கவில்லை. சூனியக்காரியே வராவிட்டாலும் இந்தக் குடும்பம் சிதறித்தான் போயிருக்கும். அந்த மெதுவான நேரம் முழுக்க விரிசல்களைக் காட்டத்தான் செலவாகிறது. பேய் உள்ளே வருவதும் அந்த விரிசல் வழியாகத்தான்.

கேள்வி: ‘ஹெரிடிட்டரி’யை எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். எனக்குப் பயமே வரவில்லை. என்மேல் தப்பா?

தப்பே இல்லை. 2018இல் ஆரி ஆஸ்டரின் இந்தப் படம் வந்தபோது அமெரிக்காவில் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வரும் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் கிடைத்தது டி பிளஸ்தான். ‘தி விட்ச்’ படத்துக்கும் சி மைனஸ். திடுக்கிட வைக்கும் பேய்ப் படத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு முன்னால் ஒரு வீட்டுத் துக்கத்தை இரண்டு மணி நேரம் வைத்தால் கோபம் வருவது இயல்பு.

நானே முதல்முறை செல்போனில் பார்த்துவிட்டு ‘என்ன பெரிய படம்’ என்றேன். ஒரு வருடம் கழித்து இரவில், ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கார் காட்சி பிடிபட்டது. விபத்து நடந்த பிறகு அண்ணன் பிரேக் போட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். பின்சீட்டில் தங்கையின் உடல். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை, கேமராவும் அவன் முகத்தை விட்டு நகர்வதில்லை. மெல்ல வண்டியை எடுக்கிறான், வீட்டுக்குப் போகிறான், யாரிடமும் சொல்லாமல் படுக்கையில் விழுகிறான். விடிகிறது. அவன் கண் திறந்தபடியே கிடக்கிறது. வெளியே அம்மா காருக்குப் போகும் சத்தம், பிறகு அலறல். அம்மாவின் முகத்தை அப்போது நமக்குக் காட்டவே இல்லை! சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு ராத்திரியைக் கடத்தியவர்களுக்கு அந்தக் காட்சி எங்கே குத்தும் என்று தெரியும்.

கடைசி அரை மணி நேரம் பற்றி உங்களுக்குக் குறை இருந்தால் நானும் உங்கள் பக்கம். அதில் வரும் பேய் வழிபாட்டுக் கூட்டத்தின் சடங்கை அவ்வளவு விளக்கியிருக்க வேண்டாம்.

கேள்வி: ‘பூதகாலம்’, ‘பிரம்மயுகம்’ இரண்டும் ராகுல் சதாசிவன் படங்கள். எது உசத்தி? எங்கள் வீட்டில் இதற்கே சண்டை.

என் ஓட்டு ‘பூதகால’த்துக்கு (2022). மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு இறந்தகாலம் என்று பொருள். நம் மொழியில் அதைச் சொல்லிப் பாருங்கள், தலைப்பு இன்னும் கனக்கும். வாடகை வீடு, மன அழுத்தத்தில் இருக்கும் அம்மா, வேலை கிடைக்காத மகன், பாட்டியின் சாவு. மகன் ஏதோ பார்த்தேன் என்கிறான், குடிப்பதால் வந்தது என்கிறார்கள். அம்மாவும் மகனும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். ரேவதி அந்த அம்மாவாகவே இருந்தார், கேரள அரசின் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. வீட்டுக்குள் பேயா, மனசுக்குள் நோயா என்று நெடுநேரம் தீர்மானிக்க விடாமல் வைத்திருப்பதுதான் அதன் பலம்.

‘பிரம்மயுகம்’ (2024) கட்சிக்காரர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. கறுப்பு வெள்ளையில் இடிந்த மனை, ஓயாத மழை, மம்மூட்டியின் சிரிப்பு. தப்பியோடி வந்த பாணனைப் பகடை ஆடக் கூப்பிடுகிறார் அந்த மனையில் இருக்கும் போற்றி (மம்மூட்டி). பணயம் வைக்க என்னிடம் ஒன்றுமில்லையே என்கிறான் அவன். உன் காலத்தைப் பணயம் வை என்கிறார். சாதியும் அதிகாரமும் ஒரு மனிதனை எப்படி விழுங்குகின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. என்றாலும் போற்றி யார் என்பது சீக்கிரமே புரிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு எனக்கு வியப்பு இருந்த அளவுக்குப் பயம் இல்லை.

கேள்வி: ‘ஸ்கினமரிங்க்’?

15,000 டாலரில், இயக்குநர் தான் வளர்ந்த வீட்டிலேயே எடுத்த படம். நள்ளிரவில் விழிக்கும் இரண்டு குழந்தைகள், காணாமல் போன அப்பா, மறைந்துபோகும் கதவு ஜன்னல்கள். பெரும்பாலும் சுவர் மூலையையும் டிவி வெளிச்சத்தையும்தான் பார்ப்பீர்கள். இருபது நிமிடம் பாருங்கள், ஒட்டவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தமிழில் ஏன் இப்படி வருவதில்லை?

வந்திருக்கிறது. அஷ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) பாருங்கள். பழைய கொடுமை ஒன்றின் நினைவு நாள் நெருங்க நெருங்க, இருட்டைக் கண்டாலே மூச்சு முட்டும் ஒரு பெண்ணின் கதை. ஆனால் நம்மிடம் பேய்ப் படம் என்றாலே காமெடியும் பாட்டும் சேர்ந்த குடும்பப் படமாகிவிட்டது. இடைவேளைக்கு முன் ஒரு அதிர்ச்சி வேண்டும் என்ற கணக்கு வேறு. ‘பூதகாலம்’ போன்றவற்றுக்கு ஓடிடி இடம் கொடுத்தது. அந்த இடம் இங்கேயும் கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: போன மாதம் அப்பா தவறிவிட்டார். நண்பர்கள் ‘ஹெரிடிட்டரி’ பார்க்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா அண்ணா?

இப்போது வேண்டாம் தம்பி. அந்தப் படம் சவ அடக்கத்தில்தான் தொடங்குகிறது, பிறகு டோனி கொலெட் தரையில் விழுந்து கதறும் இடத்தை நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. நண்பர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ‘பிரம்மயுகம்’ போடச் சொல்லுங்கள், அதில் உள்ள பயம் வேறு. அன்று ராத்திரி அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.