வீட்ல உக்காந்தே வேலை பாக்குறவங்களுக்கு: பிசியோவோட கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்து வலி, இடுப்பு வலின்னு என்கிட்ட வர்றவங்கள்ல இப்பல்லாம் வீட்லேர்ந்தே வேலை பாக்குறவங்கதான் ஜாஸ்தி. நீங்க கேட்டதெல்லாம் படிச்சேன், வரிசையா சொல்லிட்டு வர்றேன்.

கேள்வி: மேடம், இடுப்பு வலி உயிர் போகுது. நல்ல சேரா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன், எது பெட்டர்?

பதில்: சேர் விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்ங்க. முதல்ல, ஒரு தடவ உக்காந்தா திரும்ப எப்ப எந்திரிக்கிறீங்கன்னு பாருங்க. ஆபீஸ் போறப்ப மீட்டிங் ரூமுக்கு நடப்போம், டீக்கு கீழ இறங்குவோம், வண்டிய பிடிக்க ஓடுவோம், அதெல்லாம் எக்சர்சைஸ்னு நாம கணக்குலயே வெச்சதில்ல, வீட்டுக்கு வந்ததும் அது மொத்தமா போயிடுச்சு. எவ்ளோ காஸ்ட்லியான சேரா இருந்தாலும் நாலு மணி நேரம் அசையாம உக்காந்தா இடுப்பு பிடிக்கத்தான் செய்யும். நேரா நிமிந்து உக்காந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கிறாங்க, அந்த நிமிந்த பொசிஷன்லயே ரொம்ப நேரம் இருந்தாலும் தசை டயர்ட் ஆகும். அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிங்க, ஒரு நிமிஷம் நடந்தா கூட போதும். சின்ன பாட்டில்ல தண்ணி வெச்சிக்கோங்க, சீக்கிரம் காலியாகும், ரொப்ப எந்திரிச்சே ஆகணும். வீடியோ இல்லாத கால்னா நடந்துகிட்டே பேசுங்க.

சேர் வாங்குறதா இருந்தா உயரத்த ஏத்தி இறக்க முடியுதான்னு பாருங்க. ரெண்டு பாதமும் தரையில முழுசா படியணும், எட்டலைன்னா கீழ ஒரு பலகைய போட்டுக்கோங்க. கீழ் முதுகுக்கு சப்போர்ட் இல்லைன்னா ஒரு டவல சுருட்டி வெச்சா போதும், அதுக்காக புது சேர் வாங்க வேண்டாம்.

கேள்வி: லேப்டாப் மட்டும்தான் இருக்கு அக்கா, சாயங்காலம் ஆனா கழுத்து இரும்பு மாதிரி ஆயிடுது.

பதில்: லேப்டாப்ல ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டியே இருக்குறதுதான் பிரச்சனை தம்பி. கை வசதியா இருந்தா தல குனியும், தல நிமிந்தா கை தூக்கும். நம்ம தலையே கிட்டத்தட்ட 5 கிலோ, முன்னாடி சாயச் சாய பின்கழுத்து தசைதான் அத்தனையும் இழுத்துப் பிடிக்கணும். லேப்டாப்புக்கு அடியில நாலு தடி புக்க வெச்சு ஸ்கிரீனோட மேல் விளிம்ப கண்ணு மட்டத்துக்கு கொண்டு வாங்க, தனியா ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிடுங்க. சேருக்கு செலவு பண்றத விட இதுக்கு பண்ணலாம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. ப்ரோக்ரஸிவ் லென்ஸ் (மேல் பாதில தூரம், கீழ் பாதில கிட்ட பாக்குற மாதிரி ஒரே லென்ஸ்) கண்ணாடி போடுறவங்க மட்டும் ஸ்கிரீன இன்னும் கொஞ்சம் கீழ வெச்சுக்கணும், இல்லைன்னா கீழ் லென்ஸ் வழியா பாக்குறதுக்காக தாடைய தூக்கித் தூக்கி வேற கழுத்து வலி வரும்.

கேள்வி: விரல் மரத்துப் போகுது. கார்ப்பல் டனலா மேடம்?

பதில்: எந்த விரல்னு சொல்லலையே நீங்க! அதுலதான் பாதி விஷயம் இருக்கு. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்துப் போச்சுன்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு சந்தேகப்படலாம், அதத்தான் கார்ப்பல் டனல்னு சொல்றாங்க, ராத்திரி தூக்கத்துல முழிச்சு கைய உதறுறீங்கன்னா சந்தேகம் இன்னும் பலமாகும். சுண்டு விரலும் அது பக்கத்துல மோதிர விரல்ல பாதியும்னா அது பெரும்பாலும் முழங்கைல வர்ற பிரச்சனை. டேபிள் விளிம்புல முழங்கைய ஊனி கன்னத்துல கை வெச்சு மீட்டிங் கேக்குறவங்களுக்கு, போன காதுல வெச்சு மடக்குன கைய நீட்டாமலே ரொம்ப நேரம் பேசுறவங்களுக்கு இது நிறைய வருது. ஹெட்செட் போடுங்க, முழங்கைக்கு கீழ மெத்துன்னு எதாவது வைங்க, மவுஸ பக்கத்துல இழுத்து மணிக்கட்டு மடங்காம பிடிங்க. கைலேர்ந்து பொருள் நழுவுது, கட்டை விரலுக்கு கீழ இருக்குற சதை மெலிஞ்ச மாதிரி இருக்குன்னா வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டர பாத்து நரம்பு டெஸ்ட் எடுத்துடுங்க.

கேள்வி: கண்ணு எரிச்சல். ஸ்கிரீன்லேர்ந்து வர்ற நீல வெளிச்சத்த தடுக்குற ப்ளூ லைட் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: அதுக்கு காசு செலவு பண்ணாதீங்க. 2023ல வந்த காக்ரேன் ரிவ்யூல (நிறைய ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து அலசிப் பாக்குற அறிக்கை), கண்ணு சோர்வுக்கு அந்தக் கண்ணாடியால பெருசா பலன் தெரியலன்னுதான் வந்துச்சு. ஸ்கிரீன பாக்குறப்ப நாம இமைக்கிறது ரொம்ப குறைஞ்சிடுது, அதனால கண்ணு காயுது, எரியுது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 அடி தள்ளி இருக்குற எதையாவது 20 செகண்ட் பாருங்க, நல்லா மூடி மூடி இமைங்க. ஃபேன், ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்காம பாத்துக்கோங்க.

கேள்வி: காலைல ஒரு மணி நேரம் ஜிம் போறேன், அப்புறம் நாள் பூரா உக்காந்தா தப்பில்லல்ல?

பதில்: ஜிம் போறது ரொம்ப நல்லது, விட்டுடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, அத நீங்க தாண்டிட்டீங்க. ஆனா உக்கார்ற நேரத்த குறைங்கன்னும் அவங்க தனியா சொல்லியிருக்காங்க. கெண்டைக்கால் தசை சுருங்குறப்பதான் கால்ல இருக்குற ரத்தம் நல்லா மேல ஏறும், காலைல பண்ணுன ஸ்குவாட் மத்தியானம் வந்து அந்த வேலைய செய்யாது.

கேள்வி: நின்னுகிட்டே வேலை பாக்குற ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமா?

பதில்: மாத்தி மாத்தி நின்னு உக்காந்தா நல்லது. நாள் பூரா நின்னா கால் வலிதான் மிச்சம்.

கேள்வி: ஜன்னல் பக்கத்துலதான் உக்கார்றேன், நல்ல வெயில் வருது. வைட்டமின் டி கெடைச்சிடும்ல?

பதில்: கண்ணாடி மூடியிருந்தா கெடைக்காதுங்க, அதுக்கு வேணுங்குற, வெயில்ல இருக்குற யூவி பிங்குற புற ஊதாக் கதிர ஜன்னல் கண்ணாடி தடுத்துடும். வெளிய போகணும். அதுவும் காலைல போனா ராத்திரி தூக்கமும் சீக்கிரம் வரும்.

கேள்வி: இடுப்பு வலி எப்ப சீரியஸ் மேடம்? பயமா இருக்கு.

பதில்: பெரும்பாலான இடுப்பு வலி சில வாரத்துல தானா குறையும், பயந்து படுத்தே கெடக்காம மெதுவா நடமாடுங்க, படுத்தே இருந்தா லேட்டாதான் சரியாகும். ஆனா சிலது இருக்கு. ஒண்ணுக்கு வராம அடைச்சுக்குறது இல்ல அடக்க முடியாம போறது, மோஷன் கட்டுப்பாடு போறது, தொடை இடுக்குலயும் ஆசனவாய சுத்தியும் உணர்ச்சி இல்லாம மரத்துப் போறது, கால் பலமில்லாம துவண்டு போறது, இதுல எது வந்தாலும் நரம்பு ரொம்ப மோசமா அழுந்துதுன்னு அர்த்தம் இருக்கலாம். அன்னிக்கு பிசியோவுக்கு போன் பண்ணிட்டு இருக்காதீங்க, காலைல பாத்துக்கலாம்னும் இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி இருக்குற ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.