கருந்துளை பக்கத்தால் போனால் பங்கர் காக்குமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "பூமிக்குப் பக்கத்தால் கருந்துளை ஒன்று போகப்போகிறது என்ற காணொளியைத் தரம் 7 படிக்கும் என் மகள் பார்த்துவிட்டாள். நான்கு இரவுகளாகச் சரியான நித்திரை இல்லை. 'பங்கர் வெட்டி இருந்தால் தப்பலாமா அம்மம்மா?' என்று என் அம்மாவிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?"

அப்படி எதுவும் வரவில்லை என்று முதலில் சொல்லுங்கள் அம்மா. கணக்குப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கருந்துளை என்பது ஒளிகூடத் தப்பமுடியாத அளவு ஈர்ப்பு உள்ள பொருள். நாம் அறிந்தவற்றுள் மிக அருகிலுள்ள கருந்துளை ஏறத்தாழ 1,560 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரமே ஓர் ஒளியாண்டு. சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத எதையோ 186 நாட்களுக்கு ஒருமுறை சுற்றி வருவது ஐரோப்பாவின் கையா விண்கலத்தின் அளவீடுகளில் தெரிந்தது; அதை வைத்து 2022 இல் கண்டுபிடித்தார்கள். நொடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது நேரே நம்மை நோக்கிப் புறப்பட்டாலும், வந்து சேர 90 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

நாம் அறியாத ஒன்று இருட்டோடு இருட்டாக வந்துவிட்டால்? கெட்டிக்காரப் பிள்ளை அடுத்து இதைத்தான் கேட்பாள். தனியே அலையும் கருந்துளைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவற்றின் கனம் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். யுரேனஸ் தன் பாதையில் சற்றுப் பிசகி நடப்பதைக் கவனித்து, அதை இழுப்பது எது என்று கணக்கிட்டுத்தான் 1846 இல் நெப்டியூனைப் பிடித்தார்கள். நெப்டியூன் 17 பூமிகளின் கனம். பத்துச் சூரியன் கனமுள்ள கருந்துளையோ 33 இலட்சம் பூமிகளுக்குச் சமம். அது சூரியனை நெருங்குவதற்குக் குறைந்தது நூறு ஆண்டுகள் முன்பே கோள்களின் நடை மாறத் தொடங்கியிருக்கும். அந்த மாற்றம் இன்று எங்கும் இல்லை.

பிள்ளையைப் பயமுறுத்தியது 'உறிஞ்சிவிடும்' என்ற சொல்லாகத்தான் இருக்கும். குளத்தில் துருசு திறந்திருக்கும்போது பக்கத்தில் நீந்தக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருப்பீர்கள். துருசடியில் நீர் சுழித்துக்கொண்டு இறங்கும். அகப்பட்டால் ஆளையே இழுத்துவிடும். அதே நேரம் அக்கரை ஓரத்துத் தாமரை இலை ஆடாமல் கிடக்கும். கருந்துளையின் பிடியும் அப்படித்தான், கிட்டப் போனால்தான் ஆபத்து. ஓரிடத்தில் மட்டும் இந்த உவமை பொருந்தாது: துருசைத் திறந்தே விட்டால் குளம் வற்றும், கருந்துளை அப்படி அண்டத்தை வற்றச் செய்வதில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே கனமுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும். வெளிச்சம்தான் இராது. பத்துச் சூரியன் கனமுள்ள ஒன்றின் குறுக்களவுகூட 60 கிலோமீட்டர்தான். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அடங்கிவிடும்.

சரி, உண்மையிலேயே ஒன்று கடந்து போனால் மனிதர் பிழைப்பார்களா? எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதைப் பொறுத்தது. நெப்டியூனுக்கும் பல மடங்கு அப்பால் போனால் வெளிக்கோள்கள் குழம்பும், நெடுங்காலத்துக்குப் பிறகு வால்வெள்ளிகள் கூடுதலாக வரலாம். நாங்கள் பெரும்பாலும் தப்புவோம். வியாழனின் பாதைக்கு உள்ளே நுழைந்தால் பூமியின் பாதை நீண்டு நெளியும். என் மனதை உறுத்துவது அந்த நிலைதான். ஆண்டின் ஒரு பகுதி கொதிக்கும், மறுபகுதி உறையும். வடகீழ்ப் பருவமழை தவறிக் காலபோகம் ஒரு முறை பொய்த்தாலே வன்னியில் எத்தனை வீடுகள் விதைநெல்லுக்குக் கடன் படுகின்றன! உலகம் முழுவதும் போகம் பொய்த்தால் பசிதான் முதலில் கொல்லும். சேமித்த விதையும் பகிர்ந்துண்ணும் ஒழுங்கும் உள்ளவர்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம்.

அதிலும் மோசமானது, பூமி சூரியனை விட்டே வீசப்படுவது. கடல்கள் மேலிருந்து கீழாக உறையும், கடைசியில் காற்றே உறைந்து விழும். அப்போதுதான் உங்கள் மகளின் பங்கர் கேள்விக்கு இடம் வருகிறது. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்க ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சூடு கூடும். ஆகவே ஆழச் சுரங்கத்தில் கொஞ்சப் பேர் கொஞ்சக் காலம் வாழலாம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட ஆறடிக் குழி அதற்குப் போதாது. அது போர்க்காலத்தில் ஷெல்லுக்காக வெட்டப்பட்டது. அம்மம்மா ஏன் எழுந்து போனார் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். விண்வெளியைப் பற்றிய பயத்தைவிட அந்தக் கதை அவளுக்கு அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

பிறகு மூவருமாக வானம் பாருங்கள். ஆடி மாதம், நிலவில்லாத இரவில், ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே தேள் வடிவம் தெரியும். அதன் கொடுக்கில் உள்ளதுதான் மூல நட்சத்திரம். அதற்குச் சற்று மேலே, வடகிழக்குப் பக்கமாக, பால்வெளி தடித்து வெளுத்திருக்கும் பக்கத்தில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் 40 இலட்சம் சூரியன் கனமுள்ள கருந்துளை இருக்கிறது. அதன் படத்தை 2022 இல் வெளியிட்டார்கள். 1,560 ஒளியாண்டுக்காரன் அதே நேரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்பான். டார்ச்சை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் பொறுத்திருங்கள். குளக்கட்டுக்குப் போக வேண்டாம், யானை வரும் காலம், முற்றமே போதும்.