சபையில் செய்த சேவையைச் சுயவிபரக்கோவையில் எழுதலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்திருக்கிறேன். சம்பளத்துக்கு இதுவரை எங்கும் வேலை செய்ததில்லை. ஐந்து வருடமாக எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். சபையின் வரவு செலவுக் கணக்கும் நான்தான் எழுதுகிறேன். 2022 நெருக்கடி நேரம் உலர் உணவுப் பொதி கொடுத்தபோது பெயர்ப் பட்டியலும் சாமான் வாங்கியதும் என் பொறுப்பில்தான் நடந்தன. இப்போது ஒரு தனியார் நிதி நிறுவனத்துக்கும் ஓர் அரச வங்கிக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். "சபை எண்டு போட்டால் மதம் மாத்துற ஆக்கள் எண்டு நினைச்சு எடுக்கமாட்டினம்" என்கிறார் மாமா. மறைப்பது விசுவாசத்தை மறுதலிப்பது என்று அம்மா கவலைப்படுகிறார். சட்டப்படி நான் என்ன செய்யலாம்?

பதில்: எழுதுங்கள், தங்கச்சி. அதை எடுத்துவிட்டால் உங்கள் சுயவிபரக்கோவையில் அனுபவம் என்ற பகுதியே வெறுமையாகிவிடும். ஆனால் எப்படி எழுதுவது என்பதை யோசித்துச் செய்ய வேண்டும். ஏனென்றால் மாமாவின் பயம் வீண் பயமில்லை. நம் ஊரில் மதமாற்றம் பற்றிய பேச்சு எவ்வளவு சூடானது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலில் சட்டம். நமது அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் எல்லோருக்கும் தருகிறது. எந்தப் பிரஜைக்கும் மதத்தின் பேரில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது 12(2). ஆனால் இவற்றை மீறினால் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு, மீறியது அரசின் நிருவாகச் செயலாக இருக்க வேண்டும். அரச வங்கி உங்களை மதம் பார்த்து ஒதுக்கினால் அந்த வழி உண்டு. தனியார் நிதி நிறுவனம் ஒதுக்கினால் இல்லை. தொழிலில் பாரபட்சத்தைத் தடுக்கும் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் துறையில் ஆள் எடுக்கும்போது மதம் பார்ப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் ஒன்றை நாடு இன்னும் இயற்றவில்லை. வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாமா என்றால், அதுவும் வேலையில் சேர்ந்த பிறகுதான். கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கு வழி தருகிறதே தவிர, வேலை கிடைக்காதவருக்குத் தருவதில்லை. இது பெரிய குறை என்பது என் உறுதியான அபிப்பிராயம். வடக்கில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தட்டுவது தனியார் கதவுகளைத்தான்.

ஆகவே அந்தக் கதவுக்கு முன்னால் உங்களுக்குத் துணை, உங்கள் தாள் எழுதப்பட்ட விதம்தான். நீங்கள் செய்த வேலையை முன்னால் வையுங்கள். "தன்னார்வக் கணக்குப் பொறுப்பாளர்" என்று தலைப்பிட்டு, சபையின் பெயரை அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை போடுங்கள். அதன் கீழ் மாதாந்த வரவு செலவுப் பதிவு, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, கணக்காய்வுக்குக் கொடுத்த ஆவணங்கள் என்று, உண்மையில் செய்தவற்றை மட்டும் எழுதுங்கள். உணவுப் பொதி வேலைக்குத் தனி வரி கொடுங்கள்: எத்தனை குடும்பம், எவ்வளவு பணம், விலை கேட்டு வாங்கியது யார். நிதி நிறுவனத்தில் தாளைப் பார்ப்பவர் தேடுவது, அடுத்தவர் காசை நம்பி இவரிடம் கொடுக்கலாமா என்பதைத்தான். அதற்கு இதைவிட நல்ல சாட்சி உங்களிடம் வேறு இல்லை. ஞாயிறு பாடசாலையை "சிறுவர் வகுப்பு நடத்தியது" என்று ஒரு வரியில் சொல்லலாம். பிள்ளைகளின் படங்களை இணைக்க வேண்டாம்.

ஊழியம், சாட்சி, ஆத்தும ஆதாயம் போன்ற சபைச் சொற்கள் சபைக்குள்ளேயே இருக்கட்டும். நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்ற பிள்ளைக்கும், அறநெறிப் பாடசாலை ஆசிரியருக்கும், பள்ளிவாசலில் ஸகாத் கணக்குப் பார்த்தவருக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்று. நம் ஊர் சுயவிபரக்கோவைகளில் பெயர், பிறந்த திகதிக்குப் பிறகு "மதம்" என்று ஒரு வரி பழக்கத்தில் வந்துவிடுகிறது. அதைப் போடும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத நம்பிக்கை பற்றிய தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது. அந்த வரியைத் தாராளமாக எடுத்துவிடுங்கள்.

அம்மாவின் கவலைக்கு வருவோம். விசுவாசம் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. சட்டத்தின் பார்வையில், சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. யாரும் கேட்காத மதத்தை எழுதாமல் விடலாம். ஆனால் சபையின் பெயரை மாற்றி ஏதோ "சமூக நல மன்றம்" என்று எழுதாதீர்கள். நம்பிக்கையை வைத்து நடக்கும் தொழிலில் அது பிறகு வெளியே வந்தால் வேலையே போகலாம். அரச நியமனங்களில் பொய்த் தகவல் தெரியவந்தால் நியமனத்துக்குப் பிறகும் நீக்குவார்கள். விளம்பரங்களிலேயே அப்படித்தான் போடுகிறார்கள்.

நேர்முகத்தில் "நீங்கள் சபைக்குப் போறனீங்களோ?" என்று கேட்கக்கூடும். ஓம் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு யோசனை இருக்கும்: வாடிக்கையாளரிடம் மதம் பேசுவாரா, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வருவாரா. அலுவலகத்தில் கணக்கு வேலை மட்டும்தான் என்று முதலாவதுக்குச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு என்ன பதில் என்பதை வீட்டில் இப்போதே முடிவெடுத்துக்கொண்டு போங்கள். உறுதிப்படுத்துவோராக இருவரின் பெயர் கேட்டால், ஒருவர் போதகராக இருந்தாலும் மற்றவர் உங்கள் விரிவுரையாளராக இருக்கட்டும்.

அரச வங்கிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கே மதத்தின் பேரில் ஒதுக்கப்பட்டதாகத் தெரிந்தால், நான் முதலில் சொன்ன 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு உள்ள காலம் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் சந்தேகம் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். விளம்பரம், அழைப்புக் கடிதம், உங்களுக்குக் கிடைத்த புள்ளிகளின் விபரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நேர்முகத்தில் யார் என்ன கேட்டார்கள் என்பதை அன்று மாலையே திகதி போட்டு எழுதி வையுங்கள்.