ரான் ஹோவர்டின் முதல் படம் எது?

1977 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'தான் அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ரான் ஹோவர்ட் இயக்கிய முதல் திரைப்படம். அவரைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரையில், 1982 ஆம் ஆண்டின் 'நைட் ஷிஃப்ட்'தான் முதல் படமோ என்று ஐயப்பட்டு நிறுத்தியிருக்கிறீர்கள்; அது முதல் படம் ஆகாது.

'ஹேப்பி டேஸ்' தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தபோதே, தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் 'ஈட் மை டஸ்ட்' படத்தில் நடிப்பதற்கு ஈடாக இயக்கும் வாய்ப்பைக் கேட்டுப் பெற்றார் ஹோவர்ட். 1980 இல் தொடரிலிருந்து விலகியபின் பெரிய ஸ்டுடியோவுக்காக இயக்கியது 'நைட் ஷிஃப்ட்' என்பதால், பலரும் கணக்கை அங்கிருந்து தொடங்கிவிடுகிறார்கள். குழப்பம் அதனால் வந்திருக்கலாம்.

1977 படத்தின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். நாயகனும் அவரே, தந்தையுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் அவரே.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1980 இல் வந்த, ஹோவர்ட் இயக்கிய 'ஸ்கைவேர்ட்' தொலைக்காட்சிப் படம், அதைத் திரையரங்குப் படங்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். ஆனாலும் கட்டுரையில் அதை விட்டுவிட வேண்டாம். அதில் நடித்த ஹாலிவுட்டின் மூத்த நடிகை பெட்டி டேவிஸ், இருபத்தாறு வயது இயக்குநரைப் பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்யும்வரை 'மிஸ்டர் ஹோவர்ட்' என்றே அழைத்து, முதல் நாள் படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போதுதான் 'ரான்' என்றார். நடிகர் இயக்குநராக ஏற்கப்பட்ட தருணம் அதுவே என்பது என் கருத்து.